வெள்ளிக் காசு ஏலம்: ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று போட்டால் தப்பிக்க முடியுமா?

ஊட்டி
4.11.2025, இரவு 9.12

வெள்ளி விலை ஏறியதிலிருந்து ஆளாளுக்குப் பீரோவைத் துழாவி ராணி காசு, ராஜா காசு என்று ஆன்லைன் ஏலத்தில் போடுகிறார்கள். போடட்டும். ஆனால் ரிட்டர்ன் என்ற கதவைத் திறந்து வைத்தால் விற்பவர் பாடு திண்டாட்டம். வெள்ளி இறங்கினால் ‘படத்தில் பார்த்தது போல் இல்லை’ என்று காசு திரும்பி வரும். சில சமயம் நாம் அனுப்பிய காசுக்குப் பதில் அதே ஆண்டின் தேய்ந்த காசு வரும். ‘ரிட்டர்ன் கிடையாது, பார்த்துக் கேளுங்கள்’ என்று முதல் வரியிலேயே போட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்
4.11.2025, இரவு 10.40

மறுக்கிறேன். அந்த வரிக்குப் பெரிய பலம் கிடையாது. ஈபேயில் ‘ரிட்டர்ன் இல்லை’ என்று தேர்வு செய்திருந்தாலும், விவரித்தபடி பொருள் இல்லை என்று வாங்கியவர் 30 நாளுக்குள் வழக்குத் திறக்கலாம். 3 வேலை நாளுக்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். வழக்கு அவர் பக்கம் போனால் திரும்பி வரும் தபால் செலவும் உங்கள் தலையில்தான். உள்நாட்டு விற்பனைத் தளங்களுக்கு 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இருக்கின்றன. குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது என்கின்றன அவை. வீட்டில் கிடந்ததை எப்போதாவது விற்கும் தனி ஆளுக்கு அந்த விதிகள் பொருந்தாது. மாதா மாதம் ஏலம் போடுகிறவர் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

விலை இறங்கியதால் வரும் ரிட்டர்ன் நிஜம்தான். ஆனால் அப்படித் திருப்புகிறவரும் வெளியே சொல்வதற்கு ஒரு காரணத்தைத் தேடுவார். நீங்கள் லிஸ்டிங்கில் எழுதாமல் விட்ட கீறல்தான் அந்தக் காரணம்.

கோத்தகிரி
5.11.2025, காலை 7.55

இரண்டு பேருக்கும் வணக்கம். முதல் தடவையாகப் போடப் போகிறேன். கையில் இருப்பவை: 1862 ராணி, 1907, 1919, 1940, 1944, 1947 ஒரு ரூபாய்கள், 1969 காந்தி பத்து ரூபாய், கொஞ்சம் கால் ரூபாய். இரண்டு மூன்று காசு மாலையில் கோத்தவை, மேலே வளையம் இருந்த தடம் தெரிகிறது. எல்லாவற்றையும் ‘பழைய வெள்ளிக் காசு’ என்று ஒரே லாட்டாகப் போடலாமா?

குன்னூர்
5.11.2025, மதியம் 1.20

போடாதீங்க அக்கா. அந்தப் பட்டியலில் மூன்று வகை வெள்ளியும் வெள்ளியே இல்லாத ஒன்றும் கலந்திருக்கின்றன. அப்படியே போட்டால் ரிட்டர்ன் வருவது நிச்சயம், அதுவும் நியாயமான ரிட்டர்ன்.

1862, 1907, 1919 மூன்றும் ஒரு தோலா எடை. புதிதில் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. முழு எடையில் சுத்த வெள்ளி 10.69 கிராம் வரும். 1940இலிருந்து 1945 வரை அதே எடையில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். ஆக உங்கள் 1940, 1944 இரண்டும் ‘பாதி வெள்ளி’ என்ற தலைப்பில் தனியாகப் போக வேண்டும்.

1947 ரூபாய் சுத்த நிக்கல், பின்பக்கம் புலி இருக்கும். எடை அதே 11.66 என்பதால் தராசு காட்டிக் கொடுக்காது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தை வைத்தாலே பிடித்துக்கொள்ளும்.

1969 காந்தி பத்து ரூபாய் 15 கிராம், 80 சதவீதம், அதாவது 12 கிராம் வெள்ளி. அதே ஆண்டின் காந்தி ஒரு ரூபாய் நிக்கல். 1964 நேரு ஒரு ரூபாயும் நிக்கல்தான். இந்த இரண்டையும் வெள்ளி என்று போட்டு வாங்கிக் கட்டிக்கொள்பவர்கள் வாராவாரம் உண்டு.

கால் ரூபாயில் ஆண்டைப் பாருங்கள். 1940க்கு முந்தியது 2.92 கிராமில் 91.7 சதவீதம், பிந்தியது பாதி, 1946-47 நிக்கல்.

மேட்டுப்பாளையம்
5.11.2025, மாலை 6.02

ஏனுங்க, கீழே எங்க ஊர்ல ஒருத்தர் 1947 புலிக் காசை ‘சுதந்திர ஆண்டு அபூர்வ வெள்ளி’ன்னு போட்டு எட்டாயிரம் கேக்கறாருங்க. காந்தத்துல ஒட்டுதேன்னு கேட்டா ‘அது காசோட சக்தி’ங்கறார். அடுத்தது அரிசி இழுக்கும்னு சொல்லுவாருங்க.

குன்னூர்
5.11.2025, மாலை 6.30

அரிசி இழுக்கும் காசு, இரிடியம், அனுமன் படம் போட்ட 1818 கம்பெனி காசு எல்லாம் ஒரே மோசடிக் குடும்பம். கிழக்கிந்தியக் கம்பெனி அனுமனையும் ராமர் பட்டாபிஷேகத்தையும் போட்டுக் காசு அடிக்கவில்லை. 1616, 1717, 1818 என்று வருபவை பின்னாளில் கோயில் வாசலில் விற்கச் செய்தவை. ஏலத்தில் போட்டால் ரிட்டர்னோடு நிற்காது, கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

ஊட்டி
5.11.2025, இரவு 9.45

1862க்கு என்ன போடுவது? ‘163 வருஷப் பழசு’ என்று போட்டால் ஏலம் ஏறுகிறதே.

குன்னூர்
6.11.2025, காலை 8.10

ஏறும், பிறகு இறங்கும். 1862 என்ற தேதியை மாற்றாமலே 1874 வரை அடித்தார்கள். எந்த ஆண்டில் அடித்தது என்பதைப் பின்பக்கத்துப் புள்ளிகளின் எண்ணிக்கை, இருப்பிடம், முகத்தின் அச்சு வகை ஆகியவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆகவே ‘தேதி 1862, புள்ளி அமைப்பு படத்தில்’ என்று எழுதிப் புள்ளி இருக்கும் இடத்தை நெருங்கி ஒரு படம் போடுங்கள். சாதாரணப் புள்ளி வகையென்றால் வெள்ளி விலைக்குச் சற்று மேலே நிற்கும். அபூர்வ வகையென்றால் நீங்கள் சொல்லாமலே சேகரிப்பவர்கள் அதைப் படத்தில் கண்டுபிடித்து ஏற்றிவிடுவார்கள்.

வளையத் தடம் உள்ள காசு பற்றி அக்கா கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நீலகிரியில் இது ரொம்பச் சகஜம். காசு மாலை, பொத்தான், தாலிக்கயிற்றுக் கோப்பு என்று ஏதாவது ஒன்றில் ராணி காசு இருந்திருக்கும். கடிகார முள் 12 காட்டும் இடத்தில் விளிம்பை லென்ஸில் பாருங்கள். ஈயப்பற்று சாம்பல் நிறத்தில் தெரியும், வெள்ளிப்பற்று வைத்திருந்தால் விளிம்பின் கோடுகள் அங்கே மட்டும் உருகி மழுங்கியிருக்கும். துளை போட்டு அடைத்ததென்றால் இருபுறமும் ஒரே இடத்தில் வட்ட நிழல் விழும். சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தில் அது தப்பாமல் தெரிந்துவிடும். இதைத் தட்டாரிடம் கொடுத்துச் செதுக்கிச் சரிசெய்யாதீங்க. ‘நகையில் இருந்தது, 12 மணியில் பற்றுத் தடம்’ என்று எழுதுங்கள். வெள்ளிக்காக வாங்குகிறவர் அதைப் பொருட்படுத்த மாட்டார், சேகரிப்பவர் ஏலத்துக்கே வர மாட்டார். இரண்டுமே உங்களுக்கு நல்லது.

அந்தக்கால வட்டிக்கடைக்காரர்கள் வெள்ளியைச் சோதிக்கப் போட்ட ஷராஃப் குத்தும் அப்படித்தான். சின்ன உளித்தடமாக ராணி கன்னத்தில் இருக்கும். எண்ணிச் சொல்லிவிடுங்கள்: ‘முன்பக்கம் இரண்டு குத்து.’

கோத்தகிரி
6.11.2025, மதியம் 12.15

விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று அம்மா சொல்கிறார். ஸ்வெட்டர் பெட்டியில் இருந்ததால் கருத்துப் போயிருக்கிறது.

குன்னூர்
6.11.2025, மதியம் 12.31

தேய்க்கவே வேண்டாம்! விபூதி, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். தேய்த்த காசின் சமதளத்தில் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். தரம் பார்க்கும் நிறுவனங்கள் அதற்குத் தர மதிப்பெண் கொடுக்க மாட்டார்கள், ‘சுத்தம் செய்தது’ என்று குறித்துத் திருப்பிவிடுவார்கள். ஏலத்தில் எடுத்தவர் அதைக் காட்டி ரீஃபண்டு கேட்பார், கிடைக்கும்.

கருத்ததற்குக் காரணம் கம்பளி. அதில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் கூட அப்படித்தான். மலையில் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். வேறு பெட்டிக்கு மாற்றி, சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டால் போதும். மெல்ல ஊதாவும் பொன்னிறமுமாகக் கருத்த காசுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

காசு மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு இருந்தால் அது பிவிசி உறையின் வேலை. அதற்கு மட்டும் சுத்தமான அசிட்டோனில் கண்ணாடிக் கிண்ணத்தில் சில நிமிடம் ஊறவைத்து, துடைக்காமல் காயவிடலாம். நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு இல்லாத அறையில் செய்யுங்கள்.

ஊட்டி
8.11.2025, இரவு 8.50

சரி, விவரம் எழுதுவதில் ஒத்துப்போகிறேன். ஆனால் ‘இது வெள்ளியே இல்லை’ என்று ஒருவர் கிளம்பினால்? ஆசாரி கடையில் மெஷினில் வைத்தேன், 80 தான் காட்டியது என்பார்.

குன்னூர்
9.11.2025, காலை 11.05

அனுப்பும் முன்பே அடர்த்தி பார்த்து எண்ணை லிஸ்டிங்கில் போட்டுவிடுங்கள். நகைக்கடைப் பாக்கெட் தராசு, 0.01 கிராம் காட்டுவது போதும். முதலில் காசை உலர்வாக நிறுங்கள். பிறகு தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசைத் தையல் நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது. இப்போது தராசு காட்டுவது காசின் கன அளவு. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி.

11.60 கிராம் காசு 1.12 காட்டினால் 10.36. 91.7 சதவீத வெள்ளிக்குக் கிட்டத்தட்ட 10.3 வர வேண்டும். பாதி வெள்ளிக்கு 9.5 அளவில் வரும். பித்தளைக்கு வெள்ளி முலாம் பூசிய போலி 8.5 பக்கம் நிற்கும். 1939 ரூபாய்க்கு விலை அதிகம், ஆகவே தேதி திருத்திய காசு வரும். 1939 என்று சொல்லி அடர்த்தி 9.5 வந்தால் அது 1940க்குப் பிந்தைய காசு, கடைசி இலக்கத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

மலையில் ஒரு தொல்லை. குழாயில் பிடித்த ஜில் தண்ணீரை உடனே பயன்படுத்தினால், அறைச் சூட்டில் காசு மேல் நுண்குமிழி ஒட்டும். குமிழி கன அளவைக் கூட்டிக் காட்டும், அடர்த்தி குறையும், நல்ல காசு போலியாகத் தெரியும். கொதித்து ஆறிய தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே சொட்டு. தராசையும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கூடவே வரும் எடைக்கல்லை வைத்துப் பார்த்த பின் தொடங்குங்கள்.

ஆசாரி கடை மெஷின் பற்றி: எக்ஸ்ரே மெஷின் மேற்பரப்பை மட்டும் படிக்கிறது. பாதி வெள்ளிக் காசில் மேல்தோலில் வெள்ளி மிகுந்திருக்கும் என்பதால் 50க்குப் பதில் 60, 70 என்று காட்டக்கூடும். கனமாக முலாம் பூசிய போலிக்கு 90 காட்டும். ஃபிளிப் உறையோடு (காசை நடுவில் வைத்து ஸ்டேபிள் அடிக்கும் அட்டை, பிளாஸ்டிக் உறை) வைத்துப் பார்த்ததை நம்பவே வேண்டாம். ஒரு மெஷின் சீட்டை மட்டும் வைத்து ரீஃபண்டு கொடுக்காதீர்கள். அதை மட்டும் வைத்து மறுக்கவும் செய்யாதீர்கள்.

குன்னூர்
9.11.2025, மாலை 4.40

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடர்த்திச் சோதனை ஒரு ரூபாய், அரை ரூபாய்க்குத்தான் நம்பகம். கால் ரூபாயின் கன அளவு 0.28 மட்டுமே. தராசு 0.01 பிசகினால் 10.4 என்பது 10.1 ஆகலாம், 10.8 ஆகலாம். நான்கு கால் ரூபாயை ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டால் சரியாக வரும். ஆனால் நான்கில் ஒன்று மட்டும் போலி என்றால் அது சராசரியில் ஒளிந்துகொள்ளும். அதற்கு லென்ஸ்தான் வழி: வார்ப்புக் காசில் விளிம்பைச் சுற்றி ஒட்டுத் தழும்பும், எழுத்துகளுக்கு இடையில் சின்னச் சின்ன மணலும் தெரியும்.

கூடலூர்
10.11.2025, இரவு 10.15

நான் வாங்குகிற பக்கத்தில் நிற்பவன். ஃபிளிப் ஸ்டேபிளைப் பிரித்தால் ரிட்டர்ன் இல்லை என்று நிறையப் பேர் போடுகிறார்கள். பிரிக்காமல் அடர்த்தி பார்ப்பது எப்படி? விளிம்பைப் பார்ப்பது எப்படி? இது ஏமாற்று இல்லையா?

குன்னூர்
11.11.2025, காலை 9.20

நியாயமான கேள்வி. பெரும்பாலான ரிட்டர்ன் விதிகள் சொதப்புவது இங்கேதான். ‘இது அசலா?’ என்பது ஒரு பஞ்சாயத்து, ‘சொன்ன தரம் இருக்கிறதா?’ என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே விதியில் போட்டால் இருவருக்குமே நஷ்டம். அசலா என்று பார்க்க உறையைப் பிரித்தே ஆக வேண்டும். தரம் பார்க்கப் பிரிக்கத் தேவையில்லை. பிரித்தால் கைரேகையும் கீறலும் விழும்.

ஆகவே விதியை இப்படி எழுதலாம். எடுத்துப் போட்டுக்கொள்ள யாருக்கும் தடையில்லை:

‘காசு அசல் என்பதற்கு உத்தரவாதம் உண்டு. உறையைப் பிரித்துச் சோதிக்கலாம். போலி என்று தெரிந்தால் கட்டிய விலையும் இருவழித் தபால் செலவும் திருப்பித் தரப்படும். தரம் பிடிக்காவிட்டால் டெலிவரி ஆன நாளிலிருந்து 7 நாளுக்குள், ஸ்டேபிள் மேல் உள்ள ஸ்டிக்கர் கிழியாமல் திருப்பலாம், விலை மட்டும் திருப்பித் தரப்படும். படத்திலும் விவரத்திலும் சொன்ன குறைக்காக ரிட்டர்ன் இல்லை. திருப்பித் தருவது கட்டிய தொகை, அன்றைய வெள்ளி விலை அல்ல. எடைக்கு விற்கும் லாட்டுக்கு எடை குறைந்தால் மட்டும் ரிட்டர்ன்.’

கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். வெள்ளி ஏறும் மாதத்தில், ‘போலி, ஆனால் இன்றைய விலை கொடு’ என்றும் ஆட்கள் வருவார்கள்.

உறையோடு எடை பார்க்க ஒரு வழி: காசு தனி எடை, ஃபிளிப்பும் ஸ்டேபிளும் சேர்ந்த மொத்த எடை, இரண்டையும் எழுதிவிடுங்கள். வாங்கியவர் பிரிக்காமலே ஒப்பிட்டுக்கொள்வார். விளிம்பு முக்கியமான காசுக்கு ஃபிளிப் வேண்டாம், ஒளிபுகும் கேப்சூல் போடுங்கள்.

ஊட்டி
11.11.2025, இரவு 9.30

உத்தரவாதத்துக்குக் கால வரம்பு எங்கே? பத்து வருஷம் கழித்து ஒருவன் வேறு காசைக் கொண்டு வந்து நிற்பான்.

குன்னூர்
12.11.2025, காலை 7.48

சரி, அதில் நீங்கள் சொல்வது பொருந்துகிறது. பெரிய ஏல நிறுவனங்களும் போலிப் புகாருக்கு ஒரு கெடு வைக்கிறார்கள். ‘ஆறு மாதம்’ என்று சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஏழு நாள் என்று சுருக்கினால் நல்ல சேகரிப்பவர் விலகிவிடுவார். மும்பைக்கோ சென்னைக்கோ ஒரு நிபுணரிடம் காட்டி வாங்கவே அவருக்கு மாதம் ஆகும்.

குன்னூர்
12.11.2025, மாலை 5.15

காசை மாற்றி அனுப்புவது பற்றி ஊட்டி முதலிலேயே கேட்டிருந்தார். ஒவ்வொரு காசுக்கும் தனி அடையாளம் இருக்கிறது. அச்சில் விழுந்த விரிசல், மயிரளவு கீறல், கருத்த புள்ளியின் வடிவம், விளிம்பில் ஒரு நசுங்கல் என்று எதையாவது மூன்று தேர்ந்தெடுத்து நெருக்கப் படம் எடுத்து வையுங்கள். லிஸ்டிங்கில் இரண்டைக் காட்டுங்கள், ஒன்றை வெளியிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த காசில் அந்த மூன்றாவது இல்லையென்றால் பேச்சே இல்லை, தளத்துக்கு இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து அனுப்பலாம்.

படம் எடுக்க மலையை விட நல்ல ஊர் கிடையாது. மஞ்சு இறங்கிய நாளில் ஜன்னலோரம் வைத்தால் வெளிச்சம் மென்மையாகப் பரவி நிற்கும், வெள்ளியில் கண்ணைப் பறிக்கும் வெள்ளைத் திட்டு விழாது. நேர் மேலே இருந்து ஒன்று, சாய்த்து ஒன்று, விளிம்பு ஒன்று, தராசு எண்ணோடு ஒன்று. ஃபில்டர் போடாதீர்கள். ‘படத்தில் பளபளத்தது, கையில் மங்கல்’ என்ற புகார் பாதிக்கு மேல் ஃபோன் தானாகச் செய்யும் திருத்தத்தால் வருகிறது.

கோத்தகிரி
14.11.2025, இரவு 8.05

பாலிஷ் இல்லாமல் நான்கு படம் வீதம் எடுத்துவிட்டேன். அனுப்புவது எப்படி? கூரியர்க்காரர் உள்ளே என்ன என்று கேட்டால்?

குன்னூர்
15.11.2025, காலை 10.30

உள்ளதைச் சொல்லுங்கள். பல தனியார் கூரியர்களின் நிபந்தனையில் நாணயம், நகை ஏற்பதில்லை என்று இருக்கும். ‘சாவிக்கொத்து’ என்று எழுதி அனுப்பித் தொலைந்தால் இழப்பீடு கேட்க வாயில்லை. தபால் ஆபீஸ் வழிதான் சரி, இன்ஷூர் செய்து அனுப்புங்கள். உள்நாட்டில் ரிஜிஸ்டர் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. இப்போது ஸ்பீட் போஸ்டிலேயே ரெஜிஸ்ட்ரேஷன் என்று தனியாகக் கேட்டு வாங்கினால் முகவரியில் உள்ளவர் கையிலேயே கொடுப்பார்கள். ஓடிபி சொன்னால்தான் டெலிவரி என்ற வசதியும் அக்டோபரிலிருந்து வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ரூபாயும் ஜிஎஸ்டியும். ‘எனக்கு வரவே இல்லை’ என்ற பேச்சுக்கு இவ்வளவு மலிவான மருந்து வேறில்லை.

கட்டும் முறை: ஃபிளிப்பை இரண்டு கனமான அட்டைக்கு நடுவில் வைத்து நான்கு பக்கமும் டேப். அசைத்தால் சத்தம் வரக் கூடாது. அதன் மேல் குமிழ்த் தாள் அல்லது பழைய துணி, பிறகு சின்ன அட்டைப்பெட்டி. வெறும் கவரில் போட்டால் தபால் முத்திரை அடிக்கும்போது காசின் வட்டம் கவரில் பதிந்து, உள்ளே என்ன என்று ஊருக்கே சொல்லிவிடும்.

ரசீதில் கிராம் கணக்கில் எடை அச்சாகும். அதைப் படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்புங்கள். ரிட்டர்ன் என்றால் அவரிடமும் அதே ரசீதைக் கேளுங்கள். போனது 70 கிராம், வருவது 52 கிராம் என்றால் பிரிக்கும் முன்பே, தபால்காரர் முன்னிலையில் வீடியோவை ஓட விடலாம்.

மேட்டுப்பாளையம்
16.11.2025, மதியம் 2.20

மழைக் காலத்துல பர்லியார் பக்கம் மண் சரிஞ்சா உங்க பார்சல் எல்லாம் மேலயே நின்னு போகுதுங்க. வாங்கறவங்க ‘தாமதம்’னு கேன்சல் பண்றாங்க.

குன்னூர்
16.11.2025, மாலை 3.00

ஐப்பசி, கார்த்திகையில் அனுப்பும் அவகாசத்தை ஒரு நாள் என்று போடாமல் 3 வேலை நாள் என்று போட்டுவிட வேண்டும். ஏலம் முடியும் நேரத்தையும் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு முடிந்தால் சனி, ஞாயிறு வீண். ஞாயிறு இரவு 9 மணிக்கு முடியும்படி வைத்தால் கேட்பவர்களும் வீட்டில் இருப்பார்கள், திங்கள் காலை தபாலுக்கும் போகலாம்.

ஊட்டி
18.11.2025, இரவு 9.05

வெளிநாட்டுக்காரர்கள் நல்ல விலை கேட்கிறார்கள், ஈபேயில்.

குன்னூர்
18.11.2025, இரவு 9.22

ராணி காசையும், 1907, 1919 போன்ற ராஜா காசையும் அங்கே போடாதீர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் நூறு வருஷம் கடந்த நாணயமும் தொல்பொருள். தனி ஆள் ஏற்றுமதி செய்வது குற்றம், ரிட்டர்ன் பற்றிய கவலையே வராது. உள்நாட்டிலும் அவற்றை விற்பதைத் தொழிலாகச் செய்ய லைசென்ஸ் வேண்டும். 1940களின் காசுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் வெளிநாட்டு ரிட்டர்ன் தபால் செலவு காசின் விலையையே விழுங்கிவிடும். பாதி வெள்ளிக் காசுக்கு அது கட்டுப்படியாகாது.

தளங்களில் விற்க ஜிஎஸ்டி எண் கேட்பார்கள். வரம்புக்குக் கீழே விற்பவர்கள் மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், 2023 அக்டோபர் முதல் பதிவு எண் இல்லாமல் என்ரோல்மெண்ட் எண்ணே போதும். கேரளாவுக்கோ கர்நாடகாவுக்கோ ஒன்றை அனுப்பினாலும் அந்தச் சலுகை போய்விடும். கூடலூர்க்காரர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும், எல்லை கூப்பிடு தூரம்.

கூடலூர்
19.11.2025, காலை 6.50

தேயிலைக்குக் குழி தோண்டும்போது பானையில் காசு கிடைத்தால்?

குன்னூர்
19.11.2025, காலை 8.00

ஏலத்தில் போட முடியாது. மண்ணுக்குள் கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் பெறுமானம் என்றாலே 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 10 ரூபாய் என்பது அந்தக் காலத்துப் பத்து ரூபாய், வரம்பை யாரும் மாற்றவில்லை.

கோத்தகிரி
23.11.2025, இரவு 10.10

1907 இன்றைக்கு முடிந்தது. அதற்குள் ஒருவர் போன் செய்து, ரிசர்வ் வங்கி மூலம் மூன்று லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் 2,500 கட்டுங்கள் என்கிறார். இன்னொருவர் முன்பணம் அனுப்ப கியூஆர் அனுப்பியிருக்கிறார்.

குன்னூர்
23.11.2025, இரவு 10.18

இரண்டுமே திருட்டு. ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்குவதும் இல்லை, கமிஷன் கேட்பதும் இல்லை. இப்படிப் பெயரைப் பயன்படுத்துகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். எண்ணைப் பிளாக் செய்துவிட்டு, ஏலத்தில் முதலில் வந்தவருக்கு இன்வாய்ஸ் அனுப்புங்கள்.

ஊட்டி
24.11.2025, இரவு 9.00

ஜெயித்தவர் பணம் கட்டவில்லை என்றால்?

குன்னூர்
24.11.2025, இரவு 9.40

கெடு முடியும் வரை காத்திருந்து (ஈபேயில் நான்கு நாள்) ரத்து செய்யுங்கள். இரண்டாவதாகக் கேட்டவருக்கு அவர் கேட்ட விலைக்கே கொடுங்கள், ஜெயித்தவர் விலைக்கு அல்ல. அவரை ஏற்றிவிட்டதே அந்தப் பணம் கட்டாத ஆளாக இருக்கலாம். நடுவில் வெள்ளி ஏறிவிட்டது என்று நீங்கள் ரத்து செய்வதும் அதே பாவம்தான். அந்தப் பயம் இருந்தால் ஆரம்ப விலையை அன்றைய வெள்ளி மதிப்பிலேயே வையுங்கள்: எடையை 0.917ஆல் பெருக்கி, அதைக் கிராம் விலையால் பெருக்குங்கள். 11.60 கிராம் காசு, கிராம் 150 என்று வைத்தால் 1,596 ரூபாய். ஒரு ரூபாயில் தொடங்கி ஏலம் சூடு பிடிக்கும் என்று நம்புவது 1911 போல ஆள் தேடி வரும் காசுக்குத்தான் சரி. ராஜா அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று பேச்சு கிளம்பி, அடுத்த வருஷமே அச்சை மாற்றினார்கள் அல்லவா, அந்தக் காசு.

வாட்ஸ்அப் குழு ஏலம் என்றால் ரிட்டர்ன் விதியைப் படத்தின் கீழேயே, அதே மெசேஜில் எழுத வேண்டும். தனி மெசேஜில் போட்டால் ஃபார்வர்ட் ஆகும்போது படம் மட்டும் போய்விடும். கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் ஐந்து நிமிடம் நீளும் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

கோத்தகிரி
2.12.2025, மாலை 4.25

1944 திரும்பி வருகிறது. ‘எல் முத்திரை சொல்லவில்லை’ என்கிறார். ஸ்டிக்கர் கிழியவில்லை, ரசீது எடையும் ஒத்துப்போகிறது.

குன்னூர்
2.12.2025, மாலை 4.50

வாங்கிக்கொண்டு அன்றைக்கே பணத்தைப் போட்டுவிடுங்க அக்கா. எல் என்றால் லாகூர் அச்சகம், அந்த முத்திரைக்காகவே தேடுபவர்கள் உண்டு. லிஸ்டிங்கில் ‘லாகூர்’ என்று தலைப்பிலேயே சேர்த்து, முத்திரைக்கு நெருக்கப் படம் ஒன்று வைத்து மறுபடி போடுங்கள். பம்பாய் என்றால் புள்ளியோ சின்ன வைரமோ இருக்கும், அதையும் மற்ற காசுகளில் பார்த்துவிடுங்கள்.

ஊட்டி
2.12.2025, இரவு 9.15

என் அடுத்த லாட்டில் ‘7 நாள்’ போட்டுப் பார்க்கிறேன். எடை லாட்டுக்கு மட்டும் மாட்டேன்.

குன்னூர்
2.12.2025, இரவு 9.21

எடை லாட்டுக்கு நானும் போடச் சொல்லவில்லையே. எண்ணிக்கை, மொத்த எடை, எத்தனை பாதி வெள்ளி என்பது மூன்றும் எழுதுங்கள், நிக்கல் ஒன்றுகூட உள்ளே போகாமல் காந்தத்தை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.